இழுத்துச் செல்லும் வீடு: கடுங்குளிரில் குடியிருக்க எதைப் பார்த்து வாங்குவது?

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நம் ஊரில் "வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பார்கள். வீட்டை இழுத்துப் பார் என்று பெரியவர்கள் யாரும் சொல்லி வைக்கவில்லை. அதனால் அதைப் பற்றிச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. லாரிக்குப் பின்னால் இழுத்துப்போகிற வீட்டில், குழாய்த் தண்ணீர் கல்லாகிப் போகிற குளிரில், வருஷம் பூரா குடியிருப்பது எப்படி, அதற்கு எந்த மாதிரி வீட்டைப் பார்த்து வாங்குவது என்பதுதான் இன்றைய பேச்சு. "இது நமக்கு எதுக்கு?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. காரணம் இருக்கிறது. நம் கல்லூரியிலிருந்து ஒப்பந்த வேலைக்கு அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களுக்கும் கனடாவுக்கும் போகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு இதைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதை இன்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். போகாதவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு.

1987-இல் இங்கே இயந்திரவியல் முடித்தேன். பல ஊர் சுற்றி, 2011-இல் நார்த் டகோட்டா மாநிலத்தின் வில்லிஸ்டன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். மிசௌரி ஆறும் யெல்லோஸ்டோன் ஆறும் கூடுகிற இடத்துக்குப் பக்கத்தில் உள்ள ஊர். பாக்கன் என்ற பாறை அடுக்கிலிருந்து எண்ணெய் எடுக்கும் வேலை அங்கே அப்போது வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. 2014-இல் அந்த மாநிலம் நாளொன்றுக்குப் பத்து லட்சம் பீப்பாய் எண்ணெய் எடுத்தது. 2010 மக்கள்தொகைக் கணக்கில் சுமார் 14,700 பேர் இருந்த வில்லிஸ்டன், 2020 கணக்கில் 29,000-ஐத் தாண்டியது. ஆட்கள் வந்த வேகத்துக்கு வீடுகள் வரவில்லை. வாடகை பெரிய நகரங்களையே மிஞ்சியது. எங்களைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் டிரெய்லரில் குடியேறினோம். நானும் என் மனைவியும் ஐந்து குளிர்காலங்களை அதற்குள்தான் கழித்தோம்.

குளிர் என்றால் எப்படிப்பட்ட குளிர்? ஜனவரி இரவில் மைனஸ் 25, மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் என்பது அங்கே செய்தியே இல்லை. 1936 பிப்ரவரி 15 அன்று, வில்லிஸ்டனுக்குக் கிழக்கே உள்ள பார்ஷல் என்ற ஊரில் மைனஸ் 51 டிகிரி பதிவானது. அதே வருஷம் ஜூலையில், அதே மாநிலத்தின் ஸ்டீல் என்ற ஊரில் 49 டிகிரி வெயில்! வேலூர்க்காரர்களே குடை தேடுவார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் மனிதன் குடியிருக்க வேண்டும்.

இனி, ஃபிஃப்த் வீல் டிரெய்லர் என்றால் என்ன? அந்தக் காலக் குதிரை வண்டியில் முன் அச்சு திரும்புவதற்காகக் கிடையாக ஒரு வட்ட இரும்பு வைத்திருந்தார்கள். நான்கு சக்கரத்தோடு சேர்த்து அதை ஐந்தாவது சக்கரம் என்றார்கள். அந்தப் பெயர்தான் இன்றும் நிற்கிறது. பிக்அப் லாரியின் பின் தொட்டிக்குள், பின் அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னே, இணைப்புத் தட்டு உட்கார்ந்திருக்கும். டிரெய்லரின் கழுத்திலிருந்து இறங்கும் கிங்பின் அதில் போய்ப் பூட்டிக்கொள்ளும். நம் நெடுஞ்சாலைகளில் ஓடும் கன்டெய்னர் லாரியிலும் இதே இணைப்புதான். பம்பருக்குப் பின்னால் தொங்கும் டிரெய்லரைவிட இதற்கு ஆட்டம் குறைவு. உள்ளே இடமும் அதிகம்.

இதை விற்கும் இடத்துக்குப் போனால் என்ன காட்டுவார்கள்? கிரானைட் மாதிரி மேடை, தோல் சோபா, பெரிய டிவி, அதற்குக் கீழே நிஜ நெருப்பு போலவே எரியும் மின்சாரக் கணப்பு. என் மனைவி முதல் தடவை உள்ளே ஏறியதும், "ஏங்க, இதுல ஒரு சீமந்தமே நடத்தலாம் போல இருக்கே" என்றாள். அந்த நெருப்பு 1,500 வாட் ஹீட்டர்தான். மற்றதெல்லாம் விளக்கு வேடிக்கை. வெளியே மைனஸ் 30 வரும்போது சோபா உங்களைக் காப்பாற்றாது.

நம் இலக்கியத்தில் கேசாதிபாதம், பாதாதிகேசம் என்று இரண்டு முறை உண்டு. தலையிலிருந்து கால்வரை பாடுவது ஒன்று, காலிலிருந்து தலைவரை பாடுவது ஒன்று. குளிர் நாட்டு டிரெய்லரைப் பாதாதிகேசமாகத்தான் பார்க்க வேண்டும். வாசல் வழியாக உள்ளே ஏறுவதற்கு முன்னால் குனிந்து அடியில் பாருங்கள். நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

முதலில் பாதம், அதாவது எடை.

டிரெய்லரின் பக்கவாட்டிலும் கதவருகிலும் ஒட்டியிருக்கும் எண்களைப் படியுங்கள். அச்சும் சட்டமும் சேர்ந்து தாங்கக்கூடிய மொத்த எடை ஒன்று. காலி டிரெய்லரின் எடை ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடிய சரக்கு. மொத்தம் 14,000 பவுண்டு, காலி எடை 11,500 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 2,500. அறுபது காலன் தண்ணீர் நிரப்பினால் 500 பவுண்டு போயிற்று. விடுமுறைக்கு இரண்டு வாரம் போகிறவனுக்கு மிச்சம் தாராளம். குடியிருப்பவனுக்கோ கம்பளி, புத்தகம், கருவிப்பெட்டி, அரிசி மூட்டை, வெட் கிரைண்டர் எல்லாம் உண்டு. நம்மவர்கள் கிரைண்டரை விட்டுவிட்டு எங்கேயும் போவதில்லை! குளிருக்கென்று நீங்கள் சேர்க்கிற கூடுதல் பாட்டரி, அடியைச் சுற்றிப் போடும் தடுப்பு எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

அடுத்தது லாரி. ஃபிஃப்த் வீலின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கிங்பின் வழியாக லாரியின் முதுகில் இறங்கும். 14,000 பவுண்டுக்கு அது 2,800. இணைப்புத் தட்டு, இரண்டு ஆட்கள் எல்லாம் சேர்ந்தால் 3,300 ஆகிவிடும். லாரி எவ்வளவு சுமக்கும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். முக்கால் டன் வகை லாரிகளில் பல இந்தச் சுமைக்குப் போதாது. ஒரு டன் வகை வேண்டும். "எவ்வளவு இழுக்கும்" என்று விளம்பரம் சொல்லும். நீங்கள் "எவ்வளவு சுமக்கும்" என்று கேளுங்கள். பனி உறைந்த சாலையில் இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது.

இரண்டாவது வயிறு.

டிரெய்லரின் தரைக்குக் கீழேதான் தண்ணீர்க் குழாய்களும் தொட்டிகளும் இருக்கின்றன. நல்ல தண்ணீர்த் தொட்டி ஒன்று, குளித்த தண்ணீருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று. தண்ணீர் உறையும்போது சுமார் ஒன்பது சதவீதம் விரியும். பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குழாய் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். மூட்டுகளும் பம்பும் வால்வும் விரிந்து கொடுக்காது, உடையும். உறைந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. வெயில் வந்து உருகும்போதுதான் தரை நனையும்.

ஆகவே ஒரு அட்டையை விரித்துப் படுத்து அடியைப் பாருங்கள். முழுவதும் மூடியிருக்கிறதா? மூடிய தகட்டுக்கு மேலே வெப்பக் காப்பு இருக்கிறதா, வெறும் பிளாஸ்டிக் அட்டைதானா? கழிவுநீர் வால்வுகள் மூடிய பகுதிக்குள் இருக்கின்றனவா, வெளியே தொங்குகின்றனவா? ஃபர்னஸிலிருந்து ஒரு காற்றுக் குழாய் இந்த வயிற்றுக்குள் வருகிறதா? தொட்டிகளுக்கு மின்சார வெப்பப் பட்டை ஒட்டியிருக்கிறார்களா? விற்பவர் "ஹீட்டட் பெல்லி" என்று சொன்னால், "எங்கேயிருந்து சூடு வருது, காட்டுங்க" என்று கேளுங்கள்.

இங்கே பலருக்கும் புரியாத ஒரு சங்கதி இருக்கிறது. காற்றுக் குழாய் வழியாக அடிவயிறு சூடாக வேண்டுமானால் ஃபர்னஸ் ஓட வேண்டும். எரிவாயுவை மிச்சம் பிடிக்கலாம் என்று உள்ளே இரண்டு மின்சார ஹீட்டரை வைத்துக்கொண்டால் அறை சுகமாக இருக்கும். தெர்மோஸ்டாட்டும் திருப்தியாகி ஃபர்னஸை நிறுத்திவிடும். அப்போது வயிற்றுக்குப் போகும் சூடும் நின்றுவிடும். மேலே பனியனோடு உட்கார்ந்திருப்பீர்கள். கீழே குழாய் உறைந்துகொண்டிருக்கும். சுமாரான விலையில் கம்பியில்லாத் தெர்மாமீட்டர் கிடைக்கிறது. அதன் ஒரு முனையை அடிவயிற்றில் வையுங்கள். குளிர்காலம் பூரா நீங்கள் பார்க்க வேண்டிய எண் அதுதான்.

எங்கள் நடைமுறையையும் சொல்கிறேன். வெளிக் குழாயோடு இரவும் பகலும் இணைத்து வைக்க மாட்டோம். உள்தொட்டியை நிரப்பிக்கொண்டு, ஹோஸைக் கழற்றி வடித்துவிட்டு, பம்பில் ஓட்டுவோம். கழிவுநீர் வால்வைத் திறந்தே வைத்தால் சொட்டுச் சொட்டாகப் போய்க் குழாயில் பனிக்கட்டி கட்டும். அதனால் மூடி வைத்து, நிரம்பிய பிறகு ஒரேயடியாகத் திறப்போம். இரவில் சிங்க் அடியிலிருக்கும் அலமாரிக் கதவுகளைத் திறந்து வைப்போம். அக்டோபரில் டிரெய்லரின் அடியைச் சுற்றி நுரைப் பலகையால் பாவாடை கட்டிவிடுவோம். காற்று அடியில் புகுந்து ஓடாமல் தடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது உடம்பு, சுவரும் ஜன்னலும்.

மாணவர்கள் இதைக் கவனிக்கணும். ஆர் மதிப்பு என்று ஒன்று உண்டு. வெப்பத்தைத் தடுக்கும் திறன். பரப்பை வெப்பநிலை வித்தியாசத்தால் பெருக்கி, ஆர் மதிப்பால் வகுத்தால் மணிக்கு எத்தனை பி.டி.யு. வெப்பம் வெளியேறுகிறது என்று கிடைக்கும். உள்ளே 20 டிகிரி செல்சியஸ், வெளியே மைனஸ் 30. வித்தியாசம் 50 டிகிரி, ஃபாரன்ஹீட்டில் 90. சுவர் 540 சதுர அடி, ஆர்-9 என்றால், மணிக்கு 5,400 பி.டி.யு. போகும். ஜன்னல் வெறும் 80 சதுர அடிதான். ஒற்றைக் கண்ணாடிக்கு ஆர்-1. அதன் வழியாக 7,200 போகும்! சுவர் முழுவதும் விடுவதைவிட ஏழில் ஒரு பங்கு அளவுள்ள ஜன்னல் அதிகம் விடுகிறது. இரட்டைக் கண்ணாடி போட்டால் 3,600 ஆகும். ஆகவே விளம்பரத்தில் சுவர், கூரையின் ஆர் மதிப்பை எவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தாலும், "ஜன்னல் ஒற்றையா இரட்டையா?" என்பதுதான் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி சட்டம். பல டிரெய்லர்களின் சுவருக்குள் அலுமினியச் சட்டம் இருக்கும். இலேசு, உளுக்காது, மக்காது. ஆனால் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். இரண்டு சட்டத்துக்கு நடுவே நல்ல காப்பு வைத்திருந்தாலும் சட்டம் இருக்கிற கோட்டில் குளிர் உள்ளே வரும். கடுங்குளிர்க் காலையில் உள்சுவரில் கோடுகோடாக ஈரம் தெரிந்தால் அது சட்டத்தின் எக்ஸ்ரே படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர் மதிப்பைக் கேட்கும்போது "பஞ்சுக்கா, முழுச் சுவருக்கா?" என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி ஸ்லைடு. நிறுத்தியபின் சுவரின் ஒரு பகுதியே இழுப்பறை மாதிரி வெளியே நீளும், அறை பெரிதாகும். பார்க்க அழகு. ஆனால் ஒவ்வொரு ஸ்லைடும் நாலு பக்கமும் ரப்பரை நம்பி நிற்கிறது. குளிரில் ரப்பர் விறைக்கும். ஸ்லைடின் தரை வெளியே நீண்டு நிற்பதால் சூடான அடிவயிறு அதற்குக் கீழே கிடையாது. சமையல் சிங்க் ஸ்லைடில் இருந்தால் தண்ணீர்க் குழாயும் அந்தக் குளிர்ந்த தரை வழியாகத்தான் போகும். ஆகவே ஸ்லைடு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. சிங்க்கும் குளியலறையும் ஸ்லைடில் இல்லாத வரைபடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நான்காவது மூச்சு; எரிவாயுவும் ஃபர்னஸும்.

நம் வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ வாயு. டிரெய்லரில் பரவலாக வரும் 30 பவுண்டு சிலிண்டரில் 13.6 கிலோ. அளவு ஒன்றுதான். ஆனால் நம் சிலிண்டரில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கும். பியூட்டேன் பூஜ்யத்தை ஒட்டியே கொதிப்பதால் அந்தக் குளிரில் திரவமாகவே கிடக்கும். அங்கே புரொப்பேனைத்தான் விற்கிறார்கள். அது மைனஸ் 42-இல் கொதிக்கும். அப்படியானால் மைனஸ் 35-இல் பிரச்சினை இல்லையே என்று நினைக்காதீர்கள். திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும். அதைச் சிலிண்டரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். கல்யாணச் சமையல் கட்டில் பெரிய அடுப்புகளை ஒரே சிலிண்டரில் எரித்தால் சிலிண்டர் சில்லிட்டு அழுத்தம் குறையும், சமையல்காரர் அதைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்துவார், பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். சின்னச் சிலிண்டரால் கடுங்குளிரில் வேகமாக ஆவி தர முடியாது.

கணக்கும் பாருங்கள். ஒரு காலன் புரொப்பேனில் சுமார் 91,500 பி.டி.யு.; 30 பவுண்டு சிலிண்டரில் ஏழு காலன். மணிக்கு 35,000 பி.டி.யு. எரிக்கும் ஃபர்னஸ் விடாமல் ஓடினால் 18 மணி நேரத்தில் காலி. மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஓடினாலும் 27 மணி நேரம்தான். இங்கே ஒரு மாதம் வருகிற சிலிண்டர் அங்கே ஒரு நாள்! ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பனியில் சிலிண்டர் மாற்றுவதை முதல் வாரம் வேடிக்கையாகச் செய்யலாம்; நான்காவது மாதம் முடியாது. ஆகவே வாங்கும்போதே பெரிய தொட்டியை வாடகைக்குத் தருகிறவர்கள் அந்த இடத்துக்கு வருவார்களா என்று விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது வெப்ப வழியும் அவசியம். 50 ஆம்பியர் இணைப்புள்ள டிரெய்லரை எடுங்கள். அது 12,000 வாட் வரை தரும். 30 ஆம்பியர் என்றால் 3,600 வாட்டோடு சரி. இரண்டு ஹீட்டர் போட்டால் மிக்ஸி ஓடாது. கூரையில் உள்ள ஏ.சி.யே வெப்பமும் தரும் என்பார்கள். உறைநிலையை நெருங்கும்போதே அது கையை விரித்துவிடும். கரண்ட் போனாலும் ஃபர்னஸின் விசிறி 12 வோல்ட் பாட்டரியில் ஓட வேண்டும். ஈய பாட்டரி குளிரில் பலமிழக்கும். லித்தியம் பாட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. பாட்டரி எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திச் சொல்கிறேன். கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். எந்தக் காரணத்துக்காகவும் சமையல் அடுப்பையோ அவனையோ கொளுத்திக் குளிர் காயக் கூடாது. ஃபர்னஸின் புகைப்போக்கியைப் பனி மூடியிருக்கிறதா என்று காலையும் மாலையும் பாருங்கள். பாவாடைத் தடுப்புக்குப் பக்கத்தில் ஜெனரேட்டரையோ லாரியையோ ஓடவிடக் கூடாது. புகை அடியில் தேங்கி உள்ளே ஏறும். எச்சரிக்கைக் கருவிக்குக் காலாவதித் தேதி உண்டு. பழைய டிரெய்லர் வாங்கினால் முதல் செலவு அதுதான். படுக்கையறையின் அவசர ஜன்னலைக் குளிருக்காக நிரந்தரமாக அடைத்துவிடாதீர்கள். உறைந்து ஒட்டாமல் திறக்கிறதா என்று வாரம் ஒரு முறை தள்ளிப் பாருங்கள்.

ஐந்தாவது தலை, கூரையும் ஈரமும்.

குளிர் நாட்டில் வீட்டுக்குள் மழை பெய்யும் என்றால் நம்புவீர்களா? 21 டிகிரி உள்ள அறையில் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், 10 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் நீர் கோக்கும். மூச்சு, குளியல், துவைத்த துணி, இட்லிப் பானை எல்லாம் ஈரம். எரிவாயு அடுப்பும் ஈரம் தரும்: ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி. சமன்பாட்டை எழுதிப் பாருங்கள், சரியாக வரும். அந்த ஈரம் ஜன்னலில் பனியாக ஒட்டும். மெத்தைக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் பூஞ்சையாக வளரும். சின்னக் குழந்தைக்கும் ஆஸ்துமாக்காரருக்கும் குளிரைவிட இதுதான் எதிரி. என் மனைவி சாம்பாரை இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாற்றினாள். மூடி போட்டுச் சமைத்து, விசிறியை ஓடவிட்டாள். ஈரம் 35 சதவீதத்துக்கு இறங்கியது. ஆனால் தயிர் மட்டும் பிடிவாதம் பிடித்தது. ஃபர்னஸ் காற்று வரும் துளைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால்தான் உறைந்தது.

கூரையில் உள்ள வெளிச்சத் திறப்புகளும் விசிறித் திறப்புகளும் வெறும் பிளாஸ்டிக் மூடிகள்தான். அவற்றை அடைக்க மெத்தை மாதிரி செருகுகள் கிடைக்கும். எத்தனை திறப்பு என்று எண்ணிப் பாருங்கள். குறைவாக இருப்பதை எடுங்கள்.

கடைசியாக ஜாதகம், காகிதங்கள்.

"ஃபோர் சீசன்" என்று எழுதியிருப்பார்கள். அந்தச் சொல்லுக்குச் சட்டத்திலோ தர விதியிலோ வரையறை கிடையாது. செய்கிறவர் வைக்கும் பெயர். சிலர் குளிர் அறைக்குள் நிறுத்திச் சோதிக்கிறார்கள். எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம், குழாயில் தண்ணீர் இருந்ததா என்று கேளுங்கள். அமெரிக்காவில் இந்தத் தொழிலின் தலைநகர் இண்டியானாவின் எல்க்ஹார்ட். அங்கே செய்யும் டிரெய்லர்கள் என்.எஃப்.பி.ஏ. 1192 என்ற தர விதிப்படி வருகின்றன. அது நெருப்பு, எரிவாயு, குழாய் முதலியவற்றின் பாதுகாப்புக்கானது. மைனஸ் 30-இல் குடியிருக்கலாம் என்ற சான்றிதழ் அல்ல. உத்தரவாதப் பத்திரங்கள் பலவற்றில் "நிரந்தரக் குடியிருப்புக்கு அல்ல" என்று சின்ன எழுத்தில் இருக்கும். முழுநேரம் குடியிருப்பவருக்குக் காப்பீடும் தனி. நிறுத்தும் இடம் குளிர்காலம் முழுவதும் தண்ணீரும் மின்சாரமும் தருமா, ஊராட்சி அனுமதிக்குமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இத்தனையும் எதற்குச் சொல்கிறேன்? சில வருஷங்களுக்கு முன்னால் நம் கல்லூரித் தம்பி ஒருவர் கூப்பிட்டார். பெயர் வேண்டாம். மேற்கு நார்த் டகோட்டாவில் இரண்டு வருஷ ஒப்பந்தம். மனைவி, ஒன்றரை வயதுப் பையன். ஊரில் அப்பாவின் கடன். "அண்ணா, வாடகை கொடுத்தா கையில ஒண்ணும் நிக்காது. அஞ்சு ஸ்லைடு, நாற்பது அடி டிரெய்லர் ஒண்ணு தள்ளுபடியில வருது. அடுத்த வாரம் முன்பணம் கட்டலாம்னு இருக்கோம்" என்றார். அப்போது அக்டோபர் நடுப்பகுதி.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. டிரெய்லர் விலையோடு பாவாடை, பெரிய வாயுத் தொட்டி, நான்கு மாத எரிவாயு, தனிக் காப்பீடு, ஒரு டன் லாரி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதச் சொன்னேன். பிறகு ஒரு கேள்வி: "விற்கிற இடத்தில் தண்ணீரை நிரப்பி, ஃபர்னஸை ஓடவிட்டு, ஒரு ராத்திரி விடச் சொல். சிங்க் அடியிலும் அடிவயிற்றிலும் தெர்மாமீட்டர் வை. சம்மதிக்கிறார்களா பார்." அவர்கள் சம்மதிக்கவில்லை. முடிவெடுத்தது அவர் மனைவிதான். "ஒரு ராத்திரி அவங்களே நம்பாத வீட்ல நம்ம பையனை எப்படிண்ணா படுக்க வைக்கிறது?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் குளிர்காலத்தை ஒரு சின்ன அபார்ட்மென்ட்டில் இன்னொரு குடும்பத்தோடு பகிர்ந்து கழித்தார்கள். ஜனவரியில், மைனஸ் 20 உள்ள நாட்களில், போய்ப் போய் டிரெய்லர் பார்த்தார்கள். அந்த மாதத்தில் உள்ளே ஏறினால் எந்த அலமாரி குளிர்கிறது, எந்த ஜன்னல் வியர்க்கிறது என்பதை வீடே சொல்லிவிடும். ஏப்ரலில் இரண்டு ஸ்லைடு, இரட்டைக் கண்ணாடி, மூடிய அடிவயிறு, முப்பது அடி டிரெய்லர் ஒன்றை வாங்கினார்கள். பழையதுதான். அடுத்த குளிர்காலம் முழுவதும் அதில்தான் இருந்தார்கள். ஒரு குழாயும் உறையவில்லை. பையன் அங்கேதான் பேசப் பழகினான். "சூடு" என்பது அவனுக்கு முதலில் வந்த சொற்களில் ஒன்று. அப்பாவின் கடனும் அடைந்தது.

மாணவச் செல்வங்களே, மேலே நான் சொன்ன கணக்கு எதுவும் உங்கள் இரண்டாம் ஆண்டு வெப்பவியல் புத்தகத்தைத் தாண்டியதல்ல. வெப்பக் கடத்தல், ஆவியாதல், பனிநிலை, எரிதல் சமன்பாடு. எல்லாம் பத்து மார்க் கேள்விகள். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடலாம் என்று நினைப்போம். ஆனால் ஒரு தாய் தன் குழந்தையை எங்கே படுக்க வைப்பது என்று கேட்கும்போது அந்தப் பத்து மார்க்குதான் பதில் சொல்கிறது. நீங்கள் டிரெய்லர் வாங்காமல் போகலாம். ஃபிரிட்ஜ் வாங்குவீர்கள், அபார்ட்மென்ட் வாங்குவீர்கள், நாளைக்கு நீங்களே ஏதாவது செய்து விற்பீர்கள். வாங்கும்போது குனிந்து அடியைப் பாருங்கள். விற்கும்போது, அடுத்தவன் குனிந்து பார்த்தாலும் தலை நிமிர்ந்து நிற்கிற மாதிரி செய்யுங்கள்.

யாராவது வடக்கே போவதாக இருந்தால், முன்பணம் கட்டுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிடுங்கள். எந்த நேரமானாலும் பரவாயில்லை.